உப்புக்காற்றில் டிஸ்க் கூண்டு: ஃபேனைக் குறை, தம்பி

எந்தக் கூண்டு வாங்குவது, அதைச் சத்தமில்லாமல் எப்படிக் குளிர்விப்பது என்று கேட்டாய். கல்யாண வீடியோக்களை அடுக்கி வைத்திருக்கும் உன் வீட்டு சர்வர் ராத்திரியில் மாவு மில் மாதிரி இரைகிறது என்று அம்மாவும் போனில் புலம்பியாயிற்று. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்.

நான்கு டிஸ்க் கொள்ளும் கூண்டு வாங்கு. அதற்கு 120 மி.மீ. ஃபேன் ஒன்று போதும். அதையும் சாதாரண நாளில் அரை வேகத்துக்கு மேல் ஓடவிடாதே. டிஸ்க்குகள் 40 முதல் 44 டிகிரி வரை இருக்கட்டும். அதற்குக் கீழே இறக்க வேண்டும் என்று பாடுபடாதே. டிஸ்க் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு ஆயுசு என்று சொல்லும் வீடியோக்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வறண்ட அறைகளில் எடுத்தவை. திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

முதலில், உனக்குக் கூண்டு வேண்டுமா?

இந்தக் கூண்டுகளை ஹாட் ஸ்வாப் கூண்டு என்பார்கள். ஹாட் ஸ்வாப் என்றால் மெஷினை அணைக்காமலே ஒரு டிஸ்க்கை உருவிவிட்டு இன்னொன்றைச் செருகலாம். வங்கிக்கும் டேட்டா சென்டருக்கும் அது அவசியம். அவர்களால் நிறுத்த முடியாது. நீ ராத்திரி பதினொரு மணிக்கு ஷட் டவுன் செய்து, டிஸ்க் மாற்றி, பதினொன்றரைக்கு ஆன் செய்தால் யார் கேட்கப்போகிறார்கள்? டிஸ்க் கெட்டுப்போனால் மாற்றுவதற்காக மட்டும் என்றால் கூண்டே வேண்டாம். கூண்டுக்குள் பேக்பிளேன் என்று ஒரு போர்டு இருக்கும். டிஸ்க்குக்கும் கேபிளுக்கும் நடுவே அது கூடுதலாக ஒரு இணைப்பு. கடலோரத்தில் கூடுதல் இணைப்பு என்பது களிம்பு பிடிக்கக் கூடுதலாக ஓரிடம்.

ஆனாலும் நம் பக்கத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வாரம் ஒரு முறை பேக்கப் டிஸ்க்கை உருவித் திண்டிவனத்துச் சித்தப்பா வீட்டில் வைத்துவிட்டு, அங்கிருக்கும் டிஸ்க்கை எடுத்து வந்து செருகுவது. ரெய்டு போட்டிருக்கிறேன், அது போதும் என்று சொல்லாதே. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் ரெய்டில் உள்ள அத்தனை டிஸ்க்கும் சேர்ந்துதான் நனையும். சாதாரண சாட்டா கேபிளின் கனெக்டர் சுமார் 50 முறை செருகி எடுக்கத்தான் வடிவமைக்கப்பட்டது. பேக்பிளேனில் இருக்கும் கனெக்டர் சுமார் 500 முறைக்கு. வாரம் ஒரு முறை என்றால் கேபிளுக்கு ஒரு வருஷம், பேக்பிளேனுக்குக் கிட்டத்தட்ட பத்து வருஷம். இரண்டாவது காரணம் புயல். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ட்ரே வைத்து அழகாக உருவ வருகிறது என்பதாலேயே ஒரு பெட்டி ஹாட் ஸ்வாப் ஆகிவிடாது. எச்.பி. மைக்ரோசர்வர் ஜென்8 பழைய மார்க்கெட்டில் நிறையக் கிடைக்கும். முன்பக்கம் நான்கு ட்ரே பளிச்சென்று இருக்கும். ஆனால் ஓடும்போது உருவும் வசதி அதில் கிடையாது. மற்ற மெஷின்களிலும் பயாஸில் சாட்டா போர்ட் ஏ.எச்.சி.ஐ. முறையில் இருக்கிறதா, ஹாட் பிளக் என்ற வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். பார்க்காமல் உருவினால் சில போர்டுகள் புது டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

கூண்டை அளவுகோலால் தேர்ந்தெடு

கடைக்காரர் கலரைக் காட்டுவார், பூட்டைக் காட்டுவார், நீல விளக்கைக் காட்டுவார். நீ டிஸ்க்குகளுக்கு நடுவே எவ்வளவு சந்து இருக்கிறது என்று மட்டும் பார்.

பழைய சி.டி. டிரைவ் பொருத்தும் 5.25 அங்குல அறை ஒன்றின் உயரம் 41.3 மி.மீ., அகலம் 146 மி.மீ. நீ வாங்கும் 3.5 அங்குல டிஸ்க்கின் தடிமன் 26.1 மி.மீ. இனி கணக்கு எளிது. இரண்டு அறையில் மூன்று டிஸ்க் என்று விற்கும் கூண்டில் மொத்த உயரம் 82.6, மூன்று டிஸ்க்குகளே 78.3 எடுத்துக்கொள்ளும். மீதி 4 மி.மீ. அதிலும் கூண்டின் தகடு, ட்ரேயின் தகடு போனால் காற்று எங்கே நுழையும்? மூன்று அறையில் ஐந்து டிஸ்க் கூண்டில் டிஸ்க்குகள் நிமிர்ந்து நிற்கும், 146-ல் 130.5 போக மீதி 15 மி.மீ. ஒரு டிஸ்க்குக்கு 3 மி.மீ. மூன்று அறையில் நான்கு டிஸ்க் படுத்திருக்கும் கூண்டில் ஏறத்தாழ 20 மி.மீ. மிஞ்சுகிறது, ஒன்றுக்கு 5 மி.மீ.

சந்து குறுகினால் காற்றைத் தள்ள ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும். அம்மா கேட்கும் இரைச்சல் அங்கேதான் பிறக்கிறது. சூப்பர்மைக்ரோவின் ஐந்து டிஸ்க் கூண்டு உறுதியான பொருள், தகடும் பேக்பிளேனும் நன்றாக இருக்கும். ஆனால் அதோடு வரும் 92 மி.மீ. ஃபேன் போடும் சத்தம் பேர்போனது. வாங்கியவர்கள் பலர் முதல் வேலையாக அந்த ஃபேனைக் கழற்றி நாக்டுவா போன்ற அமைதியான ஃபேனைப் போட்டுக்கொள்கிறார்கள். அப்படி மாற்றினால் ஒன்று நினைவிருக்கட்டும். ஃபேன் மெதுவாகச் சுற்றுவதைச் சில கூண்டுகள் "ஃபேன் செத்துவிட்டது" என்று எடுத்துக்கொண்டு விடாமல் பீப் அடிக்கும். ஃபேன் வயரைக் கூண்டில் செருகாமல் மதர்போர்டுக்குக் கொண்டுபோய்விடு. கூண்டில் அலாரத்தை அணைக்கும் ஜம்பர் இருந்தால் அதையும் மாற்று.

மூன்று அறைக் கூண்டின் உயரம் 124 மி.மீ. என்பதால் 120 மி.மீ. ஃபேன் அதன் முதுகில் சரியாக உட்காரும். இரண்டு அறைக் கூண்டில் 80 மி.மீ.க்கு மேல் இடமே இல்லை. 80 மி.மீ. ஃபேனின் சத்தம் மெல்லிய விசில். தூக்கத்தைக் கெடுக்கிற ஜாதி.

இன்னொன்று, பேக்பிளேனை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார். ஓட்டைகள் வழியாக வெளிச்சம் தாராளமாக வர வேண்டும். சில கூண்டுகளில் பேக்பிளேன் முழுச் சுவராக நிற்கும். பின்னால் ஜெட் எஞ்சின் வைத்தாலும் டிஸ்க்குக்குக் காற்று வராது. சில்வர்ஸ்டோனின் சி.எஸ்.380 கேபினெட்டில் எட்டு டிஸ்க் வைக்கலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் காற்று டிஸ்க்குகளைத் தொடாமல் பக்கவாட்டில் நழுவிவிடுகிறது என்பதால், வாங்கியவர்கள் அட்டையை வெட்டி உள்ளே காற்று வழி அமைத்துக்கொண்டார்கள்.

பவர் கனெக்ஷனில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். நான்கு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் 8 ஆம்பியர். ஒரு சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர்தான். அதனால் ஒரே ஒரு சாட்டா வயரிலிருந்து அடாப்டர் போட்டு முழுக் கூண்டையும் ஓட்டினால் பிளாஸ்டிக் இளகி, கருகி, அதோடு டிஸ்க்கும் போகலாம். பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் மோலெக்ஸ் வயரைக் கொடு. கூண்டில் இரண்டு பவர் சாக்கெட் இருந்தால் இரண்டையும் செருகு. ஒன்றே போதும் என்று விட்டுவிடாதே.

ரிச்சி தெருவில் பழைய சர்வர் கூண்டு மலிவாகக் கிடைக்கும் என்பாய். கிடைக்கும், வாங்கலாம். டார்ச் அடித்து உள்ளே பார்த்து வாங்கு. கனெக்டர் பற்களில் பச்சைக் களிம்போ, போர்டில் வெள்ளைப் பூப்போ தெரிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். எக்ஸ்பாண்டர் சிப் உள்ள மிகப் பழைய பேக்பிளேன்கள் 2 டெராபைட்டுக்கு மேல் கண்டுகொள்ளாது. சிப் எதுவும் இல்லாத, வயரை நேராகக் கடத்தும் எளிய பேக்பிளேன்தான் நமக்கு நல்லது.

காற்றைக் குறைக்கச் சொல்வது ஏன்?

டிஸ்க்கைச் சூடு கொல்கிறது என்பது பாதி உண்மை. 2007-ல் கூகுள் தன்னிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டது. சூடு கூடக்கூட டிஸ்க் அதிகம் சாகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது ஏமாற்றம். நடுத்தர வெப்பத்தில் பெரிய வேறுபாடே இல்லை. மிகக் குளிர்ச்சியாக ஓடியவைதான் கொஞ்சம் அதிகம் கெட்டன. 45 டிகிரியைத் தாண்டிய, வயதான டிஸ்க்குகளில்தான் சூட்டின் கெடுதல் தெளிவாகத் தெரிந்தது.

நமக்கு அதைவிட முக்கியமான ஆய்வு 2016-ல் வந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து, வெளிக்காற்றை உள்ளே விட்டுக் குளிர்விக்கும் இடங்களையும் சேர்த்து ஒன்பது பெரிய டேட்டா சென்டர்களின் டிஸ்க்குகளைப் பார்த்தார்கள். வெப்பத்தைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் டிஸ்க்குகளை அதிகம் பாதித்தது. அதுவும் உள்ளே சுழலும் தட்டு அதிகம் கெடவில்லை. வெளியே இருக்கும் கன்ட்ரோலர் போர்டும் இணைப்பும்தான் பெரும்பாலும் கெட்டன. தட்டு இருக்கும் அறை அநேகமாக மூடியது. சாதாரண டிஸ்க்கில் மூச்சுவிட ஃபில்டர் வைத்த சின்னத் துளை உண்டு, ஹீலியம் டிஸ்க்கில் அதுவும் இல்லை. ஆனால் அடியில் இருக்கும் பச்சை போர்டு திறந்தே கிடக்கிறது. நீ ஊதும் காற்று முழுதும் அதன் மேல்தான் போகிறது.

இப்போது நம்மூர்க் காற்றைப் பார். ஐப்பசியில் அடுப்படி ஜாடியில் கல் உப்பு தண்ணீர் விட்டுக்கொள்ளும். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலிலிருந்து வரும் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். பாத்தியில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பது அதுதான். அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துவிடும். அந்தத் துகள் போர்டின் மேல் ஒட்டி, ஈரம் பிடித்து, இரண்டு செப்புக் கோட்டுக்கு நடுவே மின்சாரம் கசிய வழி போட்டுவிடும்.

எக்கியார்குப்பத்தில் அலைக்கு எதிரே இருக்கும் வீட்டில் சேரும் உப்பு நம் வீட்டில் சேராது. கரையிலிருந்து தள்ளிப்போகப்போக காற்றிலுள்ள உப்பு வேகமாகக் குறைந்துவிடும். ஆனால் ஈரப்பதம் அந்த அளவுக்குக் குறையாது. கூடவே நமக்கு ஜல்லித் தூசி வேறு இருக்கிறது. லாரி போகும் சாலையோர வீட்டில் மேசையை விரலால் தடவிப் பார்த்தால் தெரியும்.

கணக்கைப் பார். அறையில் 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வை. கார்த்திகையில் இது சாதாரணம். அந்தக் காற்று 33 டிகிரியில் இருக்கும் டிஸ்க்கைத் தொடும்போது, டிஸ்க்கின் மேற்பரப்பில் ஈரப்பதம் 72 சதவீதம். அதே காற்று 42 டிகிரி டிஸ்க்கைத் தொட்டால் 44 சதவீதம்தான். காற்று சூடானால் அதே ஈரம் அதற்குக் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான் விஷயம். ஃபேனை முழு வேகத்தில் ஓட்டி டிஸ்க்கை 33-க்குக் கொண்டுவந்து பெருமைப்படுகிறவர், மணிக்கு மணி உப்பையும் தூசியையும் அதிகமாக உள்ளே இழுத்து, அது ஒட்டும் இடத்தையும் ஈரமாக வைக்கிறார். கரண்ட் பில்லும் அவர் தலையில்.

எவ்வளவு காற்று போதும்? நான்கைந்து டிஸ்க் வேலை செய்யும்போது மொத்தம் 30 வாட் அளவுக்குச் சூடு விடும். உள்ளே போகும் காற்று 5 டிகிரி மட்டும் சூடேறி வெளியே வர வேண்டும் என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 300 லிட்டர் காற்று போதும். முழு வேகத்தில் தடையில்லாமல் 1,500 லிட்டருக்கு மேல் தள்ளும் 120 மி.மீ. ஃபேன்கள் எல்லாக் கடையிலும் இருக்கின்றன. கூண்டின் தடையைக் கழித்தாலும் அரை வேகம் ஏராளம். வேகத்தைப் பாதியாக்கினால் ஃபேனின் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கிவிடும். அம்மாவுக்கு அது நின்றுவிட்ட மாதிரிதான்.

ஆனால் அந்தக் கொஞ்சக் காற்று டிஸ்க் வழியாகத்தான் போக வேண்டும். காலி ட்ரே இருந்தால் காற்று அதன் வழியே சுலபமாகப் போய்விடும். உள்ளே அட்டையை வெட்டி அடைத்துவிடு. கூண்டுக்கும் கேபினெட்டுக்கும் இடையிலுள்ள இடுக்குகளில் டேப் ஒட்டு. பலர் இன்னொரு ஃபேன் வாங்கித் தீர்க்கப் பார்க்கும் பிரச்சினை பத்து ரூபாய் டேப்பில் தீரும்.

ஃபேன் வேகத்தை மதர்போர்டு தானாக விட்டால் சி.பி.யு. சூட்டைப் பார்த்துத்தான் கூட்டும், குறைக்கும். டிஸ்க்கைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. லினக்ஸ் 5.6 முதல் டிஸ்க்கின் வெப்பத்தை நேராகப் படிக்கும் டிரைவ்டெம்ப் என்ற மாட்யூல் இருக்கிறது. ஃபேன்கன்ட்ரோல் நிரலில் அதைக் காட்டி, இருப்பதிலேயே சூடான டிஸ்க்கை வைத்து வேகத்தை நிர்ணயிக்கச் சொல். 40 வரை மெதுவாக, 45-ல் முக்கால் வேகம், 50-ல் முழு வேகம் என்று வை. கத்திரி வெயிலில் ஒரு மதியம் 47 காட்டினால் பதறாதே. பெரும்பாலான டிஸ்க்குகளின் எல்லை 60-ஐ ஒட்டித்தான். தினமும் 50-ஐத் தொட்டால் மட்டும் எங்கோ அடைப்பு என்று அர்த்தம்.

முன்பக்கம் ஃபில்டர் வை. ஏ.சி. ஃபில்டர் மாதிரியான செயற்கைப் பஞ்சு போதும். மாதம் ஒரு முறை கழுவு, ஆனால் போர் தண்ணீரில் கழுவாதே. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் ஃபில்டரே உப்புப் பூத்து, நீயே உள்ளே ஊதிவிடுவாய். கேன் தண்ணீர் இரண்டு லிட்டர் செலவழி. பின்பக்க ஓட்டைகளுக்கு மெல்லிய வலை ஒட்டிவிடு. பல்லி உள்ளே போய் ஃபேனில் சிக்குவது நம் வீடுகளில் நடக்காத காரியமா?

மீதிச் சத்தம்

ஃபேனை அடக்கியபின் கேட்பது டிஸ்க்கின் ரீங்காரம். 7200 சுற்று டிஸ்க் விநாடிக்கு 120 முறையும், 5400 சுற்று டிஸ்க் 90 முறையும் அதிரும். கூண்டிலிருந்து கேபினெட்டுக்கு, கேபினெட்டிலிருந்து இரும்பு பீரோவுக்கு என்று அதிர்வு ஏறி, கடைசியில் பீரோவே பாட ஆரம்பிக்கும். கேபினெட்டின் நான்கு மூலைக்கும் பழைய ஹவாய் செருப்பின் ரப்பரை வெட்டி வை. விலை கொடுத்து வாங்கும் அதிர்வு தாங்கிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ட்ரே தளர்வாக ஆடினால் பக்கத்தில் ஒரு துண்டு துணி டேப் ஒட்டு. ஸ்க்ரூ போடும் ட்ரே என்றால் நான்கு ஸ்க்ரூவும் போடு; இரண்டு போதும் என்று நிறுத்துகிறவர்கள்தான் ராத்திரி சத்தம் வருகிறது என்று கேட்கிறார்கள்.

அதிர்வு டிஸ்க்குக்கும் ஆகாது. 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகளின் முன் நின்று உரக்கக் கத்தி, அந்த நொடியில் டிஸ்க்குகள் தடுமாறியதை வரைபடத்தில் காட்டினார். உன் ஸ்டுடியோ ஸ்பீக்கரையும் சப் ஊஃபரையும் சர்வர் இருக்கும் மேசையிலிருந்து இறக்கிவிடு. கல்யாண வீடியோவுக்குக் குத்துப்பாட்டு எடிட் செய்யும்போது டிஸ்க் ஏன் மெதுவாகிறது என்று பிறகு கேட்க மாட்டாய்.

எங்கே வைப்பது

பரண் வேண்டாம். கான்கிரீட் தளத்தின் சூடு ராத்திரி பத்து மணி வரை அங்கே இறங்கும். மேற்குச் சுவர் வேண்டாம். சமையலறைக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் புகை, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் கற்பூரக் கரி. கடற்காற்று அடிக்கும் கிழக்கு ஜன்னல் நமக்குத்தான் சுகம், சர்வருக்கு இல்லை. மூடிய பீரோவுக்குள் வைத்தால் சத்தம் கேட்காது, ஆனால் மொத்த மெஷினும் விடும் சூடு போக வழியிருக்காது. நடு அறையில், உள்சுவர் ஓரமாக, இடுப்பு உயரத்துக்கு மேலே ஒரு திறந்த தட்டு. தரையில் மட்டும் வைக்கவே கூடாது.

ஏ.சி. போட்ட அறையில் வைத்தால் முழுக்க ஏ.சி. அறையாக இருக்கட்டும். ராத்திரி மட்டும் 24-ல் ஓட்டிவிட்டுக் காலையில் ஜன்னலைத் திறப்பதுதான் மோசம். வெளியே 30 டிகிரி, 85 சதவீதம் என்றால் 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருள் மேலும் தண்ணீர் முத்து கட்டும். ஓடுகிற டிஸ்க் சூடாக இருப்பதால் தப்பிக்கும். அலமாரியில் சும்மா கிடக்கும் ஸ்பேர் டிஸ்க் வியர்த்துவிடும். அதை ஆன்டி ஸ்டாட்டிக் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவரில் போட்டு மூடி வை. சிலிக்கா ஜெல்லைக் கொண்டுபோய்த் திறந்த கேபினெட்டுக்குள் போடுகிறவர்களும் உண்டு. அது ஒரே நாளில் ஊர் ஈரத்தை எல்லாம் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும்.

உப்பு வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க

டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் எல்லாரும் 5, 197 என்ற வரிகளைப் பார்ப்பார்கள். அவை தட்டு கெடுவதைச் சொல்பவை. நீ 199-ஐயும் பார். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு சிதைந்து வந்த எண்ணிக்கை அது. 5-ம் 197-ம் சுழியாக இருந்து 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது, இணைப்புதான் கெட்டது. டிஸ்க்கைக் கூண்டிலேயே வேறு இடத்தில் செருகிப் பார். ஏறுவது நின்றால் பெரும்பாலும் பழைய இடத்தின் கனெக்டரில் களிம்பு. நல்ல டிஸ்க்கைக் கெட்டது என்று தூக்கிப்போடுவது கடலோர ஊர்களில் அடிக்கடி நடக்கும் வீண்செலவு.

வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், எல்லாவற்றையும் அணைத்து, டிஸ்க்குகளை உருவி, கனெக்டர்களை 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் தொட்ட மெல்லிய பிரஷால் துடை. தேங்காய் எண்ணெயோ துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயோ அங்கே போகக் கூடாது.

புயலுக்கு முன்

தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே வந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. மயிலம் நமக்கு எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். கூண்டுக்குச் செலவழித்த காசு அந்த மாதிரி ராத்திரியில்தான் வசூலாகும். ஸ்க்ரூ டிரைவர் தேடாமல், வயர் கழற்றாமல், ஐந்து நிமிஷத்தில் அத்தனை டிஸ்க்கையும் கையில் எடுத்துவிடலாம்.

எச்சரிக்கை வந்த அன்றே மெஷினை முறையாக ஷட் டவுன் செய். தட்டு சுழன்று நிற்க அரை நிமிஷம் விடு. ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ஜிப் கவரில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, பெரிய பிஸ்கட் டின்னில் துணி சுற்றி அடுக்கு. வீட்டிலேயே இருப்பதென்றால் உயரமான இடத்தில் வை. முகாமுக்குப் போவதென்றால் ரேஷன் கார்டு பையோடு சேர்த்துத் தூக்கு. மெயின் பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கிவிடு. மின்னல் இரண்டு வழியாகவும் வரும்.

கரண்ட் திரும்பி வந்த உடனே செருகி ஆன் செய்யாதே. முதலில் வரும் கரண்ட் ஏறி இறங்கும். நாள் கணக்கில் ஈரத்தில் கிடந்த பேக்பிளேனுக்குள் மின்சாரம் பாய்ந்தால் களிம்பு வேலையை அதுவே முடித்துவிடும். காலிக் கூண்டை மேசை ஃபேன் முன் அரை நாள் உலரவிடு, கனெக்டரைத் துடை, பிறகு ஒவ்வொரு டிஸ்க்காகச் செருகு.

புயல் இல்லாத நாளில், ஓடும்போது ஒன்றை மட்டும் உருவுவதாக இருந்தால், மென்பொருளில் அதை விடுவித்து, ட்ரேயை ஒரு விரல் அளவு இழுத்து, சத்தம் அடங்கும் வரை நின்று, பிறகு வெளியே எடு. கெட்ட டிஸ்க் என்று நினைத்துப் பக்கத்தில் இருக்கும் நல்லதை உருவினால் ரெய்டு முழுதும் போய்விடலாம். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதி அந்தந்த ட்ரேயின் முகத்தில் ஒட்டிவிட்டு, அதை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.